மொண்ணை மூக்குதான் தப்பிச்சு வரும்

பழைய ஏரோடைனமிக்ஸ் ரிப்போர்ட் எல்லாம் படிக்கப் படிக்க எனக்கு ஒண்ணு திரும்பத் திரும்ப கண்ல படுது, அந்தக் காலத்து ஆளுங்க நிறைய இடத்துல ஜெயிச்சது கேள்வியையே திருப்பிப் போட்டுத்தான். 1920கள்ல சின்ன மாடலை காத்துச் சுரங்கத்துல, அதாவது காத்தை வேகமா ஓட விடற பெரிய குழாய்ல, வெச்சு சோதிச்சா பெரிய விமானத்துக்கு அந்த ரிசல்ட் பொருந்தல, மேக்ஸ் முங்க்ங்கற இன்ஜினியர் மாடலைப் பெருசாக்காம சுரங்கத்துக்குள்ள இருக்கிற காத்தை 20 மடங்கு அழுத்தி அடர்த்தியாக்கிட்டார், மாடலைச் சுத்தியும் நிஜ விமானத்தைச் சுத்தியும் காத்து ஒரே மாதிரி ஓடுதான்னு காட்டற ரெனால்ட்ஸ் எண், நிஜ விமானத்தோடதுக்குத் தானா நெருங்கி வந்துடுச்சு.

ஆனா என் மனசுல நிக்கறது ஏரோடைனமிக்ஸ் இன்ஜினியர் ஜூலியன் ஆலன் செஞ்ச வேலை. 1950களோட தொடக்கம், கலிஃபோர்னியாவுல என்.ஏ.சி.ஏ.வோட (நாசாவுக்கு முன்னாடி இருந்த அமெரிக்க விமான ஆராய்ச்சி அமைப்பு) ஏம்ஸ் லேப். ராக்கெட் மேல போறது ஓரளவு பிடிபட்டுடுச்சு, கீழ வர்றதுதான் பயம். பூமியைத் தாழ்வா சுத்தற ஒரு பொருளுக்கு செகண்டுக்கு கிட்டத்தட்ட 7.8 கிலோமீட்டர் வேகம், கணக்குப் போட்டா ஒரு கிலோவுக்கு சுமார் 30 மெகாஜூல் சக்தி வருது, ஒரு கிலோ இரும்பை உருக்கி ஆவியாவே ஆக்கறதுக்கு அதுல மூணுல ஒரு பங்கு கூட தேவைப்படாது! இவ்வளவையும் காத்துல தொலைச்சுட்டு வரணும். கூர்மையான மூக்கா வெச்சா காத்தைக் கிழிச்சுட்டு வந்துடும்னு தோணும், அன்னிக்கு ஏவுகணை வரைஞ்சவங்களும் அப்படித்தான் நினைச்சாங்க.

ஆலன் சூட்டை எப்படிக் குறைக்கறதுன்னு கேக்கல, இந்த சூடு எங்க போகுதுன்னு கேட்டார். கூட வேலை பார்த்த ஆல்ஃபிரெட் எக்கர்ஸோட சேர்ந்து அவர் போட்ட கணக்கு அவ்வளவு அழகு. எடை கம்மியான வண்டி தன் வேகத்தை கிட்டத்தட்ட முழுசா காத்துலயே இழந்துடும் இல்லையா, அப்ப மொத்த சக்தியில எத்தனை பங்கு சூடா வண்டிக்குள்ள இறங்கும்னா, உரசலால வர்ற டிராக்கை (டிராக்னா காத்து பின்னுக்கு இழுக்கற எதிர்ப்பு) மொத்த டிராக்கால வகுத்து அதுல பாதி. அவ்வளவுதான். அப்போ மொத்த டிராக் ஏற ஏற வண்டிக்குள்ள வர்ற சூடு குறையும், அதனால மூக்கை மொண்ணையா, அகலமா பண்ணு! முன்னாடி ஒரு பலமான ஷாக் வேவ், அதாவது சட்டுனு அழுத்தப்பட்ட காத்தோட அலை, வண்டியோட உடம்பைத் தொடாம கொஞ்சம் தள்ளியே நிக்கும், சூட்டுல பெரும்பகுதி அங்க காத்துக்குப் போய் பின்னாடி ஓடிடும்.

ரொம்ப கனமான ஏவுகணைக்கு இது அப்படியே பொருந்தாது, அது வேகத்தை முழுசா இழக்கறதுக்குள்ள தரைக்கு வந்துடும், அதுக்கு ஒல்லியான வடிவமே சரின்னு அதே ரிப்போர்ட்ல எழுதியிருக்காங்க, இந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடிக்கும். முதல்ல 1953ல ரகசியமா இருந்தது, 1958ல என்.ஏ.சி.ஏ.வோட 1381ஆம் நம்பர் ரிப்போர்ட்டா வந்துச்சு. ஆளுங்களை விண்வெளிக்குக் கூட்டிட்டுப் போன மெர்க்குரி, அப்போலோ கேப்சூல் எல்லாம் அகலமான அடிப்பக்கத்தை முன்னாடி காட்டிக்கிட்டு இறங்கினதுக்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

அடுத்தது நாசாவோட லாங்லி ஆராய்ச்சி மையத்துல கணக்கு நிபுணர் கேத்தரின் ஜான்சனும் டெட் ஸ்கோபின்ஸ்கியும் 1960ல எழுதின ரிப்போர்ட். ராக்கெட்டை இந்தத் திசையில விட்டா கேப்சூல் எங்க போய் விழும்னு கேக்கறதுதான் வழக்கம், இவங்க எங்க வரணும்னு முதல்ல சொல்லு, எஞ்சின் அணையற நேரத்துல எந்தக் கோணத்துல போகணும்னு பின்னாடியிலிருந்து கணக்குப் போடறேன்னு போறாங்க. இதுல சிக்கல் என்னன்னா கேப்சூல் ஒரு சுத்து முடிக்கற ஒன்றரை மணி நேரத்துல கீழ பூமி 22.5 டிகிரி திரும்பிடும், அதனால கோணம் நேரத்தைப் பொறுத்தது, நேரம் கோணத்தைப் பொறுத்தது, ஒரு மதிப்பை வெச்சு ஆரம்பிச்சு திரும்பத் திரும்பப் போட்டு நெருங்கணும், அதுக்கு மேல பூமி முழு உருண்டையா இல்லாததுக்கும் திருத்தம் வேணும். 1962 பிப்ரவரி 20 விண்வெளி வீரர் ஜான் க்ளென் பூமியைச் சுத்தக் கிளம்பறதுக்கு முன்னாடி, கம்ப்யூட்டர் கொடுத்த நம்பரை கேத்தரின் கையால சரிபார்க்கணும்னு அவர் கேட்டது சும்மா இல்ல.

ரெண்டு ரிப்போர்ட்டும் நாசாவோட ஆவணத் தளத்துல இலவசமாவே கிடைக்குது. கால்குலஸ் ஓரளவு தெரிஞ்சா 1381ஐ முதல்ல எடுங்க, பேனாவும் பேப்பருமா உக்காந்து அந்த வகுத்தல் எங்கிருந்து வருதுன்னு நீங்களே போட்டுப் பாருங்க.