கடிகாரத்தில் கேட்ட ஊர்

ஜெர்மன் வகுப்பின் நான்காம் நாள். ஆசிரியை அட்டையில் செய்த கடிகாரம் ஒன்றைத் தூக்கிப் பிடித்து, முள்ளை நகர்த்தி நகர்த்தி ஒவ்வொருவரிடமாகக் கேட்டுக்கொண்டு வந்தார்: 'வீ ஃபீல் ஊர் இஸ்ட் எஸ்?' மணி என்ன என்பதுதான் கேள்வி. என் காதில் விழுந்ததோ 'ஊர்' மட்டும். ஜெர்மனிக்கு வந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. வீட்டுக்கு வெளியே எவர் வாயிலிருந்தும் அந்தச் சொல்லை அதுவரை நான் கேட்டதில்லை.

என் முறை வந்தது. 'ட்ரை ஊர்' என்றேன். மூன்று மணி. விடை சரிதான். ஆனால் ஆசிரியை கடைசி எழுத்தை விட்டுவிடச் சொன்னார். அதை ஜெர்மானியர்கள் ஏறக்குறைய 'ஊஅ' என்றுதான் ஒலிப்பார்கள். ஈற்றில் நிற்கும் ரகரம் தேய்ந்து உயிரெழுத்தாகிவிடும். மூன்று முறை சொல்லிப் பார்த்தேன். மூன்று முறையும் என் நாக்கு நுனி மேலே போய் ரகரத்தைத் தொட்டுவிட்டுத்தான் கீழே இறங்கியது.

குடியேறியவர்களுக்காக இங்கே 2005 முதல் ஒருங்கிணைப்பு வகுப்புகள் நடக்கின்றன. மொழிக்கு மட்டும் 600 பாடவேளை. அன்றைய இடைவேளையில், எங்கள் மொழியில் இந்த ஒலிக்குப் பிறந்து வளர்ந்த இடம் என்று பொருள் என எல்லோரிடமும் சொன்னேன். ஹங்கேரிக்காரர் நிமிர்ந்தார். அவர் மொழியில் 'ஊர்' என்றால் ஐயா, பிரபு. துருக்கிப் பெண் தயங்கித் தயங்கி, தன் மொழியில் 'உர்' என்றால் உடம்பில் வளரும் கட்டி என்றாள். ஸ்பெயினின் வடக்கிலிருந்து வந்த ஒருத்தி பாஸ்க் மொழி பேசுகிறவள். அவளுக்கு 'உர்' தண்ணீர். ஒரு மேசையைச் சுற்றி நாங்கள் நான்கு பேர், சுவரில் கடிகாரம். ஐந்து மொழி, ஏறத்தாழ ஒரே ஒலி.

அந்த வாரம் முழுவதும் எனக்கு வேறு நினைப்பு இல்லை. ஜெர்மனில் 'ஊர்' என்ற முன்னொட்டு வேறு இருப்பது தெரிந்தது. ஆதி, தொன்மை என்று பொருள்படும். 'ஊர்வால்ட்' என்றால் மனிதர் கை படாத ஆதிக் காடு. 'ஊர்க்ரோஸ்முட்டர்' கொள்ளுப்பாட்டி. விடுமுறைக்கு இவர்கள் சொல்லும் சொல் 'ஊர்லௌப்'. ஊருக்குப் போவதற்காக எடுக்கிற விடுப்பே ஊரில்தான் தொடங்குகிறது! மெசபடோமியாவின் பழைய நகரத்துக்கும் ஊர் என்றுதானே பெயர்? எல்லாவற்றையும் ஒரு நூலில் கோத்துவிட்ட மகிழ்ச்சியில் இரண்டு இரவு தூங்கவில்லை.

நூலகத்தில் இருந்த சொற்பிறப்பு அகராதி அந்த நூலை அறுத்தது. கடிகாரத்தைக் குறிக்கும் 'ஊர்' இவர்களுடைய சொந்தச் சொல்லே இல்லை. கிரேக்கத்தில் 'ஹோரா', அதாவது பருவம், பொழுது. அது லத்தீனுக்குப் போய், பிரெஞ்சு வழியாக ஜெர்மனுக்கு வந்து தேய்ந்து 'ஊர்' ஆனது. ஆங்கிலத்தின் 'ஹவர்' இதன் உடன்பிறப்பு. முன்னொட்டான 'ஊர்' வேறு வேரிலிருந்து வந்தது. 'வெளியே', 'இருந்து' என்பது அதன் பழைய பொருள். 'ஊர்லௌப்' முதலில் அனுமதியைக் குறித்த சொல். விடைபெற்றுப் போக எசமானன் தரும் அனுமதி, பிற்பாடு விடுமுறையாகிவிட்டது. ஆக ஜெர்மனுக்குள் இருக்கும் இரண்டு ஊர்களுக்கே ஒன்றோடொன்று உறவில்லை. நம் ஊருக்கு உறவு கன்னடத்திலும் தெலுங்கிலும் உள்ள 'ஊரு', மலையாளத்தின் 'ஊர்'. அந்தக் குடும்பத்துக்கும் இந்தக் கடிகாரத்துக்கும் ஒரு தொடர்பும் கிடையாது.

வருத்தமாகத்தான் இருந்தது. அகராதியை மூடவும் மனம் வரவில்லை. அதே 'ஹோரா' மேற்கே வந்ததைப் போலக் கிழக்கேயும் போயிருக்கிறது. கிரேக்க சோதிடத்தோடு சேர்ந்து சமஸ்கிருதத்துக்குள் நுழைந்து, அங்கிருந்து தமிழுக்கு வந்திருக்கிறது. எந்தச் சொல்லாக என்று யோசித்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது. ஓரை! சுக்கிர ஓரை, குரு ஓரை என்று அம்மா தினமும் கிழிக்கும் நாட்காட்டித் தாளில் அச்சாகியிருக்கிற அதே ஓரை. ஆசிரியை தூக்கிப் பிடித்த அட்டைக் கடிகாரத்துக்கு என்னிடம் உறவு இருக்கத்தான் செய்தது. நான் தேடிய சொல்லில் அது இல்லை, அவ்வளவுதான்.

அன்று முதல் ஒலி ஒத்துப்போனவுடன் உறவு கொண்டாடுவதை விட்டுவிட்டேன். ஆங்கிலம் அறிந்து இங்கே வருகிற எல்லோருக்கும் ஒரு முறையாவது தூக்கிவாரிப் போடும் சொல் 'கிஃப்ட்'. ஜெர்மனில் அது விஷம். இத்தனைக்கும் இரண்டும் ஒரே சொல்தான். கொடுக்கப்படுவது என்பது மூலப் பொருள். கொடுக்கும் மருந்தின் அளவைக் குறித்து, பிறகு கொல்லும் மருந்தையே குறித்துவிட்டது. சீதனத்துக்கு ஜெர்மனில் இன்றும் 'மிட்கிஃப்ட்' என்றுதான் பெயர். அதில் மட்டும் பழைய பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆக, ஒரே ஒலி உறவில்லாமலும் வரும். உறவுள்ள சொற்களே பொருளில் நேர்மாறாகவும் பிரியும்.

உறவை எப்படித்தான் கண்டுபிடிப்பது? ஆசிரியை கரும்பலகையில் எழுதிக் காட்டினார். ஆங்கிலச் சொல் டகர ஒலியில் தொடங்கினால், ஜெர்மனில் அது பெரும்பாலும் 'ட்ஸ்' ஆகும். 'டென்' என்பது 'ட்ஸேன்', 'டூ' என்பது 'ட்ஸ்வை', நாக்கைக் குறிக்கும் 'டங்' என்பது 'ட்ஸுங்கெ'. ஒரு சொல் ஒத்தால் தற்செயல். வரிசையாக ஒரே முறையில் மாறினால் குடும்பம். எனக்கு உடனே கன்னடம் நினைவுக்கு வந்தது. பால் ஹாலு, பல் ஹல்லு, புலி ஹுலி, பூ ஹூ, பத்து ஹத்து. நம் பகரம் அங்கே ஹகரம். சென்னையில் ஆட்சியராக இருந்த எல்லிஸ் 1816-இல் தமிழ், கன்னடம், தெலுங்கு முதலான தென்னக மொழிகள் ஒரு தனிக் குடும்பம், வடமொழியின் பிள்ளைகள் அல்ல என்று வேர்ச்சொற்களைப் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டினார். உலகத்து மொழிகளெல்லாம் தமிழிலிருந்து வந்தவை என்று யாராவது இரண்டு சொல்லைச் சேர்த்துக் காட்டும்போது எனக்கு இப்போது மனம் நோகிறது. தமிழுக்கு உண்மையான உறவினர் இருக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டு வழிப்போக்கரை மாமன் மச்சான் என்று அழைப்பானேன்?

மாமன் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதே நகரில் என் தம்பியும் இருக்கிறான். மகளை மழலையர் பள்ளியில் விட்ட புதிதில், ஒரு நாள் மாலை அவன் அழைத்துவருவதாக இருந்தது. 'மாமா எப்போது வருவார்?' என்று அவள் கேட்டிருக்கிறாள். பள்ளியில் இருந்தவர்களுக்குப் புரிந்தது அந்த ஒரு சொல்தான். ஜெர்மனில் 'மாமா' அம்மா. 'மாமா இதோ வந்துவிடுவாள்' என்று ஆறுதல் சொல்லி, எனக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள். நான் அலுவலகத்திலிருந்து ஓடினேன். கதவில் என்னைக் கண்டதும் குழந்தை அழத் தொடங்கிவிட்டாள். அவள் எதிர்பார்த்தது மாமாவை. ஜார்ஜிய மொழியில் 'மாமா' அப்பாவாம். துருக்கிப் பெண் தன் அம்மாவை 'அன்னெ' என்கிறாள், நம் அன்னையேதான். இதற்கும் உறவு காரணமில்லை. மகரமும் பகரமும் உதட்டை மூடித் திறந்தாலே வந்துவிடும். குழந்தை எதையோ உளற, பக்கத்தில் இருக்கும் பெரியவர்கள் அது தங்களைத்தான் என்று எடுத்துக்கொள்கிறார்கள், எல்லா நாட்டிலும்.

பக்கத்து வீட்டு மூதாட்டி ஆறு மாதம் என்னை 'ஸீ' என்றே அழைத்தார். 'நீங்கள்' என்று பொருள். என் காதில் அது 'சீ' என்று பட்டு, ஒவ்வொரு முறையும் ஏதோ தவறு செய்துவிட்டதாகத் தோன்றும். ஒரு நாள் மாடிப்படியில் நின்று கைகொடுத்து, இனி 'டூ' என்று பேசிக்கொள்ளலாம் என்றார். 'டூ' என்றால் நீ. மூத்தவர்தான் இதை முதலில் சொல்ல வேண்டுமாம். பள்ளிக்கூட நாட்களில் 'உன்னோடு டூ' என்று சொன்னால் நட்பு முறிந்தது என்று பொருள். இங்கே நட்பு அந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது. அவர் கையை நான் வெகுநேரம் விடவில்லை.

மகள் இப்போது மணி பார்க்கிறாள். அவள் சொல்லும் 'ஊஅ' கேட்க அத்தனை அழகு, ரகரத்தின் சுவடே இருக்காது. போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில், 'பாட்டி, நாங்கள் ஊஅவுக்கு எப்போது வருவோம்?' என்றாள். அம்மா 'எங்கே கண்ணு?' என்று இரண்டு முறை கேட்டார். இவளும் இரண்டு முறை அப்படியே சொன்னாள். பிறகு நான் வாங்கிப் பேசினேன்.

அன்றிலிருந்து இரவில் பல் தேய்த்ததும் இருவரும் கண்ணாடி முன் நிற்கிறோம். வாயை அகலத் திறந்து, நாக்கு நுனியை எங்கே கொண்டுபோக வேண்டும் என்று காட்டுகிறேன். 'ஊ' என்று நீட்டிக்கொண்டே போவாள்; நுனி மேலே போகாது. நேற்று ஒரு முறை வந்தது. மறுபடி சொல்லச் சொன்னேன். வந்தது.