பசுவின் கண்ணில் புழு: எங்கள் வீட்டு அனுபவம்

மாட்டின் கண்ணில் நீர் வடிந்தால் வேலூர் மாவட்டத்தில் எங்கள் அணைக்கட்டு ஊர்ப் பக்கத்தில் வைக்கோல் தூசி என்பார்கள், இல்லையென்றால் கண் திருஷ்டி. எங்கள் கலப்பினப் பசுவுக்கு இடது கண்ணில் நீர் நிற்கவே இல்லை. வெயிலைக் கண்டால் இமையை இறுக்கிக்கொண்டது. கருவிழியில் பூ விழத் தொடங்கியது. புகையிலையையும் உப்பையும் மென்று கண்ணில் துப்பச் சொன்னார் பக்கத்து நிலத்துப் பெரியவர். "முதலில் உங்கள் கண்ணில் துப்பிப் பார்க்கலாமா, பெரியப்பா?" என்று என் மனைவி கேட்டதும் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டார்.

கால்நடை மருந்தகத்தில் மாட்டைக் கம்பிக் கூண்டில் நிறுத்தி, தலையை அசையாமல் கட்டினோம். மருத்துவர் முதலில் டார்ச் அடித்து, புழு விழிக்கு உள்ளே நீந்துகிறதா என்று பார்த்தார். உள்ளே இருந்தால் அது கொசு பரப்பும் சீட்டேரியா என்ற வேறு புழு. விழியில் துளையிட்டுத்தான் எடுக்க வேண்டுமாம். எங்கள் மாட்டுக்கு வெளியேதான். மரத்துப்போகும் சொட்டு மருந்தை விட்டு, சற்றுப் பொறுத்து, கண்ணின் உள்மூலையில் இருக்கும் மூன்றாம் இமையை இடுக்கியால் தூக்கினார். அதன் அடியில் வெள்ளை நூல் துண்டுகளாகப் புழுக்கள் நெளிந்தன. ஒன்றரை சென்டிமீட்டர் இருக்கும். பெயர் தெலேசியா.

ஒவ்வொன்றாக எடுத்த பிறகு உப்பு நீரால் கண்ணைக் கழுவி, ஒரு சாயச் சொட்டு விட்டார். கருவிழியில் ஓரிடம் பச்சையாகத் தெரிந்தது, அதுதான் புண். புழுவின் தோல் ரம்பம்போல் வரிவரியாக இருப்பதால் அது உரசி உரசிப் புண்ணாக்கிவிடுகிறது. புண் இருக்கும்போது ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து விட்டால் கண்ணே போய்விடலாம் என்று எச்சரித்தார். மருந்துக் கடையில் கேட்டதும் எடுத்துக் கொடுப்பதைக் கண்ணில் விடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கறவை மாடு என்பதால் ஐவர்மெக்டின் என்ற புழுக்கொல்லி ஊசி வேண்டாம், மருந்து பாலில் இறங்கும் என்றார். உடன் கட்டியிருந்த கிடேரிக்கு மட்டும் 50 கிலோ எடைக்கு 1 மில்லி என்ற கணக்கில் தோலுக்கடியில் போட்டார்.

இதைப் பரப்புவது ஈ. கண்ணீரை நக்கும்போது புழுவின் குஞ்சுகள் ஈயின் உடலுக்குள் போய், சில வாரம் வளர்ந்து, அது அடுத்த மாட்டின் கண்ணில் உட்காரும்போது இறங்கிவிடுகின்றன. மாலையில் வேப்பிலைப் புகை போடுவது கொசுவுக்குச் சரி. இந்த ஈக்கள் மொய்ப்பது பகலில். அதனால் சாணத்தைத் தேங்கவிடாமல் அள்ளி, எருக்குழியைக் கொட்டகையிலிருந்து தள்ளி வெட்டினோம். முகம் துடைக்க மாட்டுக்கொரு துணி வைத்துக்கொண்டோம்.

பூ கரைய வாரக்கணக்கில் ஆனது. பார்வை தெளிந்துவிட்டது, கருவிழி ஓரத்தில் ஒரு வெள்ளைத் தழும்பு மட்டும் நிற்கிறது. பொய்கைச் சந்தைக்கு ஓட்டிப்போனால் தரகர் அதைக் காட்டியே விலையை இறக்குவார். நான் விற்பதாக இல்லை.