ஏற்காட்டில் மூச்சு வாங்குவது ஏன்?

ஏற்காட்டுக்குப் போகலாம் என்று வீட்டில் பேச்செடுத்தாலே, மலைமேல் ஆக்ஸிஜன் குறைவு என்று சொல்லி என் பெரியம்மா தயங்குவார். அதில் உண்மை உண்டு. ஆனால் குறைவது ஆக்ஸிஜனின் விகிதம் அன்று. சேலத்திலும் ஏற்காட்டிலும் காற்றில் அது ஏறத்தாழ 21 விழுக்காடுதான். சுமார் 280 மீட்டர் உயரத்திலுள்ள நகரத்திலிருந்து 1,500 மீட்டருக்கு ஏறும்போது காற்றின் அழுத்தமே குறைகிறது; கீழே 735 மி.மீ. பாதரச அளவில் இருப்பது, மேலே 640-ஐ ஒட்டி இறங்கிவிடுகிறது.

நுரையீரலின் வேலை முழுவதும் இந்த அழுத்தத்தை நம்பியே நடக்கிறது. அதிலுள்ள நுண்ணறைகள் எனும் கோடிக்கணக்கான சிறு காற்றுப் பைகளின் பரப்பைச் சேர்த்தால் ஏறத்தாழ 70 சதுர மீட்டர் வரும். அவற்றுக்கும் தந்துகிகள் எனும் மிக நுண்ணிய இரத்தக் குழாய்களுக்கும் இடையிலுள்ள சவ்வு, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிட மெல்லியது. வாயுக்களை இதன் வழியே எதுவும் இறைத்துத் தள்ளுவதில்லை. அழுத்தம் மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு அவை தாமே விரவுகின்றன. சேலத்தில் நுண்ணறைக்குள் ஆக்ஸிஜனின் பகுதி அழுத்தம், அதாவது மொத்த அழுத்தத்தில் அதன் பங்கு, 100 மி.மீ. பாதரச அளவை ஒட்டியிருக்க, உடலைச் சுற்றித் திரும்பும் இரத்தத்தில் அது 40 மட்டுமே. கரியமில வாயுவுக்கோ இரத்தத்தில் 45, நுண்ணறையில் 40 என்ற சிறு வேறுபாடே போதும், ஏனெனில் அது ஆக்ஸிஜனைவிட ஏறத்தாழ 20 மடங்கு எளிதாக விரவக்கூடியது. ஒன்று உள்ளே போகும், மற்றொன்று வெளியே வரும் என்பதோடு பள்ளிப் பாடம் நின்றுவிடாமல், இந்த அழுத்த வேறுபாட்டையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஏற்காட்டில் நுண்ணறையின் ஆக்ஸிஜன் அழுத்தம் 80-ஐ ஒட்டிக் குறைகிறது. ஆயினும், அது 60 வரை இறங்கினாலும், இரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் ஏறத்தாழ 90 விழுக்காடு நிரம்பியே இருக்கும் என்பதால், நலமாக இருப்பவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் தெரிவதில்லை.

பெரியம்மாவின் நிலை வேறு. பல ஆண்டுகள் விறகடுப்புப் புகையில் சமைத்ததால் நாட்பட்ட நுரையீரல் நோய் வந்தவர் அவர். இந்நோயில் நுண்ணறைச் சுவர்கள் சிதைந்து, விரவும் பரப்பு சுருங்கிவிடுகிறது. அவருடைய இரத்தத்தில் ஆக்ஸிஜன் அழுத்தம் சேலத்திலேயே குறைவு. 60-க்குக் கீழே போனால் ஹீமோகுளோபினின் நிறைவு சட்டென்று சரியும். மேலும், ஓய்வில் ஒரு சிவப்பணு தந்துகியைக் கடக்க ஏறத்தாழ 0.75 வினாடி எடுத்துக்கொள்கிறது. மேட்டில் நடக்கும்போது இரத்தம் விரைந்து ஓடுவதால், ஆக்ஸிஜனை ஏற்றிக்கொள்ளக் கிடைக்கும் அந்த நேரமும் குறைகிறது. ஆகவே அவருடைய தயக்கம் நியாயமானதே என்று வீட்டில் எடுத்துச் சொன்னேன். மருத்துவர் பார்த்துச் சரியென்று சொன்ன பிறகே அவரை அழைத்துச் செல்வதாக இருக்கிறோம்.