காஞ்சொறியோடு மூன்றாவது ஞாயிறு

பன்னிரண்டு தூர், அத்தனையும் வேரோடு. போன இரண்டு ஞாயிறும் தோற்றவன் என்பதால் இதைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிக்கொள்கிறேன்.

இடம் கோத்தகிரி, வீட்டுக்குப் பின்னால் ஓடையை ஒட்டிய சரிவு. சமவெளிக்காரர்களுக்குக் காஞ்சொறி என்றால் வேலியில் படரும் சின்னக் கொடி. இது வேறு. ஆள் உயரம் நிற்கும், விரல் விரலாகப் பிளந்த இலை, தண்டு முழுக்க வெள்ளைச் சுணை. நீலகிரி நெட்டில் என்று இங்கிலீஷில் சொல்வது இதைத்தான்.

முதல் ஞாயிறு கெட்டது என் தம்பியால். நியூ ஜெர்சியில் அவன் வீட்டு வேலியில் பாய்சன் ஐவி, பட்டால் தோல் தடித்து அரிக்கும் கொடி. "பட்டா உடனே சோப்புப் போட்டுத் தேய்ச்சுக் கழுவிடு அண்ணா" என்றான். மணிக்கட்டில் பட்டதும் ஓடிப்போய்த் தேங்காய் நாரால் பரபரவென்று தேய்த்தேன். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. அவன் செடியில் இருப்பது உருஷியால் என்ற எண்ணெய். மா, முந்திரி, சேராங்கொட்டை எல்லாம் அதே குடும்பம். பட்டு ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் தடிப்பு வரும். மண்வெட்டிப் பிடியில் ஒட்டினால் மாதக்கணக்கில் இருக்கும், எரித்தால் புகை நுரையீரலைப் பதம் பார்க்கும். நம்ம ஊர்ச் செடியில் எண்ணெய் கிடையாது, ஊசிதான். சுணையின் நுனி கண்ணாடி மாதிரி. தொட்டதும் முறிந்து, உள்ளே இருக்கும், அரிப்பைக் கிளப்பும் ஹிஸ்டமின் கலந்த நீரைத் தோலுக்குள் இறக்கிவிடும். தேய்த்தால் முறிந்த நுனி இன்னும் உள்ளே போகும். இப்போது பழுப்பு பார்சல் டேப்பை ஒட்டிப் பிய்க்கிறேன், மூன்று நான்கு தடவை. வெளிச்சத்தில் பிடித்தால் டேப்பில் பூனை முடி மாதிரி தெரிகிறது. சோப்பெல்லாம் அதற்கப்புறம்தான்.

சரி, கையுறைக்கு வருவோம். துணிக் கையுறை வெறும் அலங்காரம். பாத்திரம் கழுவும் ரப்பர், விரல் இடுக்கில் குத்துவாங்கியது. ஒரு கடையில் தோல் என்று சொல்லி என் தலையில் கட்டியது ரெக்சின், ஒரே நாளில் வெடித்தது. கடைசியில் மேட்டுப்பாளையம் போனபோது வெல்டிங்காரர்கள் போடும், முழங்கை வரைக்குமான தோல் கையுறை வாங்கிவந்தேன். முள் ஏறவில்லை. ஆனால் அவ்வளவு தடிமனில் தண்டு பிடிபடவே இல்லை. இழுத்தால் வழுக்குகிறது, அழுத்திப் பிடித்தால் ஒடிகிறது. இரண்டாவது ஞாயிறு முழுக்க இதிலேயே போனது.

இன்று பிடிபட்ட வழி இது: அரிவாளால் ஒரு அடி உயரம் விட்டு வெட்டு. மிச்சக் கட்டையைச் சுற்றி ஈரச் சாக்கைப் போட்டு மேலிருந்து கீழே இரண்டு உருவு, சுணை படுத்துவிடும். களைக்கொத்தால் தூரைச் சுற்றிக் கிளறிவிட்டு, அதே சாக்கோடு பிடித்து நேராக மேலே இழு. சாய்த்து இழுத்தால் வேர் பாதியில் அறும். ஐப்பசி மழையில் மண் ஊறியிருந்ததும் ஒரு காரணம் என்று ஒப்புக்கொள்கிறேன். எல்லாம் முடிந்த தெம்பில் அதே கையுறையால் நெற்றி வியர்வையைத் துடைத்தது தனிக் கதை. புருவத்துக்கு டேப் ஒட்டிப் பார்த்திருக்கிறீர்களா?

வெட்டிய தண்டு காய்ந்தாலும் குத்தும் என்பதால் குவியலை ஆள் நடமாடாத மூலையில் போட்டிருக்கிறேன். நேபாளத்தில் இந்தச் செடியை அல்லோ என்று சொல்லி, தண்டிலிருந்து நார் எடுத்துத் துணி நெய்கிறார்கள். நாலு தண்டை ஊறப்போட்டுப் பார்க்கலாமா என்று ஒரு சபலம். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

ஓடை ஓரத்தில் நாலு செடியை மட்டும் தொடவில்லை. இலையை நூலால் மடித்துத் தைத்தது போல் கூடு கட்டி, உள்ளே முள் முள்ளாகக் கறுப்புப் புழு, இந்தியன் ரெட் அட்மிரல் பட்டாம்பூச்சியுடையது. அது பறக்கிற வரைக்கும் இருக்கட்டும்.

காலியான இடத்தில் மரத்தக்காளி வைக்க ஆசை. ஆனால் சில்வர் ஓக் நிழலில் இன்னும் முப்பது தூராவது பாக்கி. அடுத்த ஞாயிறுக்குள் ஒரு மழை பெய்ய வேண்டும்.