11 கிலோ பீச், ஐந்து காப்ளர்

ஜூன் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள ஃபோர்ட் வேலி என்ற ஊருக்குப் போனதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். அட்லாண்டாவிலிருந்து தெற்கே ஏறக்குறைய 100 மைல். மேக்கன் நகரைத் தாண்டினால் பீச் பழத் தோப்புகள்தான். அந்தக் கவுண்டிக்கே (நம் ஊர் மாவட்டம் மாதிரி) பீச் கவுண்டி என்றுதான் பெயர். தென்காசியிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருக்கும் அம்மாவுக்கு, பீச் மரத்தில் காய்த்துத் தொங்குவதைக் காட்டலாம் என்று கூட்டிப்போனேன். காட்டிவிட்டு, ஐந்தாறு பழம் வாங்கிக்கொண்டு திரும்பியிருக்க வேண்டும். அம்மா பெட்டி விலையைக் கிலோக் கணக்கில் வகுத்துப் பார்த்துவிட்டு, "சில்லறையில் வாங்கினால் நமக்குத்தான் நஷ்டம்" என்று முடிவு சொல்லிவிட்டார். 25 பவுண்டுப் பெட்டி ஒன்று காரில் ஏறியது. 11 கிலோவுக்குச் சற்று மேல். வீட்டில் நாங்கள் நான்கு பேர்.

பழம் அன்றைக்குக் கெட்டியாகத்தான் இருந்தது. செய்தித்தாளை விரித்து, காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி, ஒன்றோடொன்று உரசாமல் அடுக்குங்கள், கனியும்வரை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள் என்று விற்றவர் சொல்லி அனுப்பினார். சாப்பாட்டு மேசை முழுவதும் பீச் பரப்பியாகிவிட்டது. இரண்டு நாள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அடுக்கிக் கொடுத்த அம்மாவுக்குக் கை முழுவதும் அரிப்பு. பீச் தோலில் மெல்லிய சுணை இருக்கும் என்று நான் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

ஒரே நாளில் பறித்த பழம் ஒரே நாளில்தான் கனியும். இந்தச் சின்னக் கணக்கு எனக்கு உறைத்தது திங்கட்கிழமை காலையில்தான். கதவைத் திறந்தால் வீடே மணத்தது. அம்மா கனியாமல் கிடந்த இரண்டைப் பொறுக்கி, மாங்காய்போல் நறுக்கி, கடுகு தாளித்து உடனடி ஊறுகாய் போட்டார். நன்றாகவே இருந்தது. ஆனால் இரண்டு போனால் எழுபது மிச்சம். அப்படித்தான் காப்ளர் வந்தது.

மாவுக்குள் பழத்தை வைத்து ஓவனில் சுடும் பண்டத்துக்கு இங்கே ‘பை’ (pie) என்று பெயர்; காப்ளர் என்பது அடியில் மாவு இல்லாத பை என்று வைத்துக்கொள்ளலாம். கீழே பழம், மேலே மாவு, ஒரே பாத்திரம். அப்பளம்போல் மாவைத் தேய்த்து அடியில் விரிக்கும் தொல்லை கிடையாது. அமெரிக்காவின் தென்பகுதியில் இது பழைய பண்டம். 1839இல் வெளிவந்த கெண்டக்கி சமையல் புத்தகம் ஒன்றிலேயே இந்தப் பெயர் இருக்கிறது. ஓவன் இல்லாத வீடுகளில் இரும்புப் பானையில் பழத்தையும் மாவையும் போட்டு, மூடியின் மேல் தணலைக் கொட்டி வேகவைத்திருக்கிறார்கள். அவர்களால் முடிந்தது என்னால் முடியாதா என்ற நினைப்புதான் முதல் தவறு.

திங்கள் மாலை, முதல் தடவை. பழத்தின் அடியில் கத்தியால் சிறு கூட்டல் குறி கீறி, கொதிக்கும் நீரில் 40 நொடி போட்டு, உடனே ஐஸ் தண்ணீரில் தள்ளினால் தோல் சட்டை கழற்றுவதுபோல் வந்துவிடும். கனியாத பழத்தில் வராது. அதைக் கத்தியால்தான் சீவ வேண்டும். சீசன் தொடக்கத்தில் வரும் பீச்சில் சதை கொட்டையை விடாது, பிய்த்து எடுப்பதற்குள் பாதி கூழாகிவிடும். ஜூன் பின்பாதியில் வருவது கொட்டையை விட்டுவிடும் வகை. நடுவே வகிர்ந்து திருகினால் இரண்டாகப் பிரிந்து, கொட்டை இருந்த பள்ளம் மட்டும் சிவப்பாகத் தெரியும். ஒரு கிலோ நறுக்கி, முக்கால் கப் சர்க்கரை, பாதி எலுமிச்சைச் சாறு சேர்த்துக் கண்ணாடிப் பாத்திரத்தில் போட்டேன். மேலே பிஸ்கட் மாவு. இங்கே பிஸ்கட் என்றால் நம் ஊர் டீயில் நனைக்கும் பிஸ்கட் அல்ல; வெண்ணெயும் மோரும் சேர்த்து, பொங்கி வரும்படி சுடும் மெத்தென்ற ரொட்டி. அந்த மாவைத் தட்டி, பழம் கொஞ்சமும் தெரியாதபடி போர்வைபோல் மூடினேன். 375 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 190 செல்சியஸில் 35 நிமிடம்.

மேலே பொன்னிறம். புகைப்படம் எடுத்து உறவுக் குழுவில் அனுப்பியும் ஆயிற்று. பிறகுதான் கரண்டியைப் போட்டேன். மேல் பாதி ரொட்டி, கீழ்ப் பாதி பச்சை மாவு. அதற்கும் கீழே ஒரு குளம். வேகாத கொழுக்கட்டையைச் சர்க்கரைத் தண்ணீரில் மிதக்கவிட்டதுபோல் இருந்தது. அம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "மேலே மட்டும் சுரண்டிக் கொடு" என்றார். பெற்ற பிள்ளையிடம் இதைவிடப் பக்குவமாகச் சொல்ல முடியாது.

செவ்வாய்க்கிழமை, தண்ணீர்தான் பிரச்சினை என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். பழத்தோடு நான்கு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளார் கலந்தேன். மாவையும் இந்த முறை இடைவெளி விட்டுத் துண்டு துண்டாக வைத்தேன். அது சரியான யோசனைதான். ஆனால் மேலே சிவந்ததும் 30 நிமிடத்திலேயே வெளியே எடுத்துவிட்டேன். ஓரத்தில் பசைபோல் இறுகியிருந்தது. நடுவில் வெள்ளையாக, கலங்கலாக, நாக்கில் மாவு தட்டும் சாறு. கார்ன்ஃப்ளார் நன்றாகக் கொதித்தால்தான் கண்ணாடிபோல் தெளிந்து கெட்டிப்படும்; கொதி வராவிட்டால் அது வெறும் மாவுத் தண்ணீர். பாத்திரத்தின் ஓரம் முதலில் கொதிக்கும், நடுப்பகுதி கடைசியில்தான் கொதிக்கும். நான் பார்த்ததோ மேல் மாவின் நிறத்தை. பார்த்திருக்க வேண்டியது இடைவெளியில் தெரியும் சாற்றை. நடுவில் வரும் குமிழ் நீர்க்குமிழ்போல் பட்டென்று உடையக் கூடாது. பாகு கொதிப்பதுபோல் சோம்பலாக எழும்பி, மெதுவாக அடங்க வேண்டும். காப்ளரில் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று என்றால் இந்தக் குமிழைத்தான் சொல்வேன். ஆனால் அன்றைக்கு அது எனக்குத் தெரியவில்லை. பிஸ்கட் மாவே வேண்டாம் என்று வெறுத்துப்போய், வேறு வழிக்குத் தாவினேன்.

புதன்கிழமை செய்தது ஊற்று மாவு வகை. இது ஒரு கண்கட்டு வித்தை. இரும்பு வாணலியில் 113 கிராம் வெண்ணெயை (இங்கே நீளக் கட்டியாக விற்பதில் ஒன்று) போட்டு, ஓவனுக்குள் வைத்து உருக்க வேண்டும். ஒரு கப் மாவு, ஒரு கப் சர்க்கரை, ஒரு கப் பால். மூன்றையும் கரைத்து வெண்ணெயின் மேல் ஊற்ற வேண்டும்; கலக்கக் கூடாது. அதன் மேல் பழம். அப்போதும் கலக்கக் கூடாது. ஓவனுக்குள் போனதும் அடியில் இருந்த மாவு பழத்தைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறி வந்து மூடிக்கொள்ளும். கண்ணாடிப் பாத்திரத்தை விட்டு வாணலிக்கு மாறியதற்குக் காரணம், சூடான கண்ணாடியில் ஃப்ரிட்ஜ் பாலில் கரைத்த மாவை ஊற்றினால் விரிசல் விடும் என்ற பயம்.

கண்ணாடி தப்பியது, வேறு வந்தது. கடையில் வாங்கியிருந்த மாவு பேக்கிங் பவுடரும் உப்பும் ஏற்கெனவே கலந்து வரும் வகை. தென் மாநிலங்களில் பிஸ்கட்டுக்கென்றே அதைத்தான் வைத்திருக்கிறார்கள். பொட்டலத்தைப் படிக்காமல் நான் இன்னும் இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர் போட்டேன். போதாக்குறைக்கு, அந்த அளவு மாவுக்கு அரைக் கிலோ பழம் போதும் என்றிருக்க, ஒரு கிலோவைக் குவித்திருந்தேன். இருபதாவது நிமிடம் மாவு ஏறி வந்தது. வாணலி விளிம்பு வரை வந்தது. அங்கே நிற்கவில்லை. ஓவன் அடித்தட்டில் சர்க்கரை சொட்டிக் கருகி, புகை மண்டி, கூரையில் இருந்த அலாரம் அலற ஆரம்பித்தது. மகள் ஜன்னல்களைத் திறந்தாள், மனைவி துண்டை வீசி அலாரத்துக்கு விசிறினார், அம்மா மட்டும் ஓவன் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே, "ஓரம் நன்றாக முறுகுகிறது" என்றார். சுவை? சோப்புக் கசப்பு. ஆனால் வெண்ணெயில் முறுகிய அந்த ஓரத்தை மட்டும் மூன்று பேரும் பிய்த்துத் தின்று தீர்த்தார்கள். அதனால் இந்த வழியை ஒரேயடியாகக் கைவிட மனம் வரவில்லை.

வியாழக்கிழமை ஓவனைத் தேய்த்தேன். வேறு எதுவும் செய்யவில்லை.

வெள்ளிக்கிழமை நான்காவது, மறுபடியும் பிஸ்கட் மாவு. இந்த முறை ஒவ்வொன்றையும் யோசித்துச் செய்தேன். குளிர்ந்த பழத்தின் மேல் மாவை வைத்தால் மேல்பக்கம் ஓவன் சூட்டில் வேகும், அடிப்பக்கம் பழம் சூடேறும்வரை காத்துக் கிடக்கும். அதற்குள் சாறு ஊறி மாவு களியாகிவிடும். திங்கட்கிழமைக் குளத்துக்கு இதுதான் விளக்கம். ஆகவே பழத்தைச் சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, ஒன்றரை மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளாரோடு கலந்து, 400 டிகிரி ஃபாரன்ஹீட்டில் (200 செல்சியஸ்) முதலில் தனியாக 15 நிமிடம் வைத்தேன். சர்க்கரையை முக்காலிலிருந்து அரை கப்பாகக் குறைத்துவிட்டேன். இந்தப் பழத்துக்கு அதுவே தாராளம்.

அந்த 15 நிமிடத்துக்குள் மாவு. ஒன்றரை கப் சாதாரண மைதா, ஒன்றரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், கால் தேக்கரண்டி சமையல் சோடா, சிட்டிகை உப்பு, மூன்று மேசைக்கரண்டி சர்க்கரை. 85 கிராம் குளிர்ந்த வெண்ணெயைச் சிறு துண்டுகளாக்கி, விரல் நுனியால் மாவோடு தேய்க்க வேண்டும். சமையல் குறிப்பில் என்னென்னவோ உவமை சொல்லியிருந்தார்கள். அம்மா கிண்ணத்துக்குள் கையை விட்டு, பிடித்தால் பிடிபடவும் உதிர்த்தால் உதிரவும் செய்ததைப் பார்த்து, "புட்டு மாவுப் பதம்தானே" என்றார். அதுவேதான். இடையிடையே பயறு அளவுக்கு வெண்ணெய்த் துண்டு தென்பட வேண்டும்; அது உருகிய இடத்தில்தான் மாவு பொரபொரவென்று வரும். பிறகு புளித்த மோர். கடைப் புட்டிக்குப் பதிலாக அம்மா உறை ஊற்றிய தயிரைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கடைந்து, முக்கால் கப்புக்குச் சற்றுக் குறைவாக ஊற்றினேன். சோடா பொங்குவதற்கு அந்தப் புளிப்புதான் வேண்டும். கரண்டியால் நாலு சுற்று. அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. மாவைச் சேர்த்துப் பிசைந்துவிடக் கை நீண்டது. சப்பாத்திக்குப் பிசைவதுபோல் பிசைந்தால் இதுவும் சப்பாத்திபோல் இழுபடும் என்று சொல்லித் தடுத்தேன்.

பழம் கொதிக்கக் கொதிக்க வெளியே வந்ததும், மாவைக் கரண்டி கரண்டியாக, விரல் அகலம் இடைவெளி விட்டு வைத்தேன். வைத்த உடனேயே அடியில் உஸ்ஸென்று சத்தம். மீண்டும் உள்ளே, 30 நிமிடம். நடுவில் பாகுக் குமிழ் வரவில்லை. மேலே அலுமினியத் தாளைத் தளர்வாகப் போர்த்தி இன்னும் ஆறு நிமிடம். வந்தது. ஒரு மாவுத் துண்டைப் புரட்டிப் பார்த்தேன். அடிப்பக்கம் பழச்சாற்றில் ஊறியிருந்தது, ஆனால் வெந்திருந்தது. அரை மணி நேரம் யாரும் தொடக் கூடாது என்று காவல் இருந்தேன். ஆறும்போதுதான் சாறு இறுகும்.

நறுமணப் பொருளைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே வழக்கம் பட்டைப் பொடி. அம்மா சொல்லி அரைத் தேக்கரண்டி சுக்குப் பொடி சேர்த்தேன். பீச்சுக்குப் பட்டையைவிட அது பொருத்தம் என்பது என் கட்சி. ஏலக்காய் வேண்டவே வேண்டாம். ஏலக்காய் விழுந்தால் எந்தப் பழமும் பாயசமாகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை கடைசித் தவணை. மிஞ்சியவை எல்லாம் தொட்டால் விரல் பதியும் பழங்கள். கொதிநீரில் போட்டுத் தோலுரிக்கப் பொறுமை இல்லாமல் தோலோடே நறுக்கினேன். வெந்தபின் தோல் சுருண்டு, சிறு சிவப்புச் சுருளாகப் பல்லில் மாட்டுகிறது. சாப்பிட முடியாத அளவுக்கு இல்லை, ஆனாலும் உரித்திருக்கலாம். 400 கிராம் பீச், ஒரு கை பிளாக்பெர்ரி, மறுபடியும் அதே ஊற்று மாவு. இந்த முறை பொட்டலத்தைப் படித்தேன், பேக்கிங் பவுடரைத் தொடவில்லை. 350 டிகிரியில் (175 செல்சியஸ்) 50 நிமிடம். வாணலிக்குக் கீழே ஒரு தட்டையும் வைத்தேன். தட்டு சுத்தமாகவே வெளியே வந்தது. பிளாக்பெர்ரி சாறு மாவில் ஊதா நிறத்தில் ஓடி, ஓரமெல்லாம் வெண்ணெயில் முறுகி, மகள் வனிலா ஐஸ்கிரீமைக் குவித்து வாணலியோடு உட்கார்ந்துவிட்டாள். எனக்கு இன்னும் வெள்ளிக்கிழமை பிஸ்கட் காப்ளர்தான் பிடித்திருக்கிறது. ஊற்று மாவில் சர்க்கரை தூக்கல். வீட்டு வாக்கெடுப்பில் நான் ஒன்றுக்கு மூன்று என்று தோற்றேன். மிச்சத்தை மைக்ரோவேவில் சுட வைத்தால் மேல்பகுதி ரப்பராகிவிடுகிறது. ஓவனில் பத்து நிமிடம் வைக்க வேண்டும். அம்மா அந்தச் சிரமமே இல்லாமல் மறுநாள் காலையில் சில்லென்று எடுத்துக் காபியோடு சாப்பிட்டார்.

பெட்டி காலி. எல்பெர்ட்டா என்ற பழைய வகை ஜூலை பின்பாதியில் வரும் என்று விற்றவர் சொல்லியிருந்தார். ஃபோர்ட் வேலிக்குப் பக்கத்து ஊரான மார்ஷல்வில்லில் 1870களில் சாமுவேல் ரம்ஃப் என்பவர் உருவாக்கி, மனைவியின் பெயரை வைத்த பழம். ஜார்ஜியா பீச்சுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே அதுதான். இன்றைக்குக் கலிஃபோர்னியாவும் தென் கரோலினாவும் ஜார்ஜியாவைவிட அதிகம் விளைவிக்கின்றன என்பதை அட்லாண்டாவில் சத்தமாகச் சொல்லக் கூடாது. கிடைக்கும்போது வாங்கிவிடுங்கள் என்றும் பழம் விற்றவர் சொன்னார். 2023இல் குளிர்காலம் சூடாகப் போய், பூத்த பிறகு பனி விழுந்து, மாநிலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் விளைச்சல் போனதை அவர் மறக்கவில்லை. எல்பெர்ட்டா வந்தால் போய் இரண்டு கிலோ மட்டும் வாங்கிவரலாம் என்று இரவுச் சாப்பாட்டின்போது சொன்னேன். பெட்டியாக வாங்கினால் கிலோவுக்கு எவ்வளவு குறையும் என்று அம்மா கேட்டார்.