பபிளின் இடது மூலை

அக்டோபர் 6

பிரிக்காத ஜி.ஐ. ஜோ சிப்பாய் பொம்மை. அதை மூடியிருக்கிற பிளாஸ்டிக் பபிளின் இடது கீழ் மூலை, பின்னாலிருக்கும் அட்டையை, அதாவது கார்டை, விட்டு எழும்பியிருக்கிறது. 4 மி.மீ.

அக்டோபர் 7

ஃபன்ஸ்கூல் ஜி.ஐ. ஜோ இனி கார்டோடு கிடைப்பது அபூர்வம். சேகரிப்புப் பொம்மைகளின் தரத்துக்கு மதிப்பெண் போடுகிற ஏ.எஃப்.ஏ. நிறுவனத்தின் கிரேடிங்கில் கார்டு, பபிள், பொம்மை மூன்றுக்கும் தனித்தனி மதிப்பெண். பொம்மை 85 வாங்கும், கார்டு 80 வாங்கும். பபிள் 75-ஐத் தாண்டுமா என்பது அந்த மூலையின் கையில்.

ஒட்டிவிடலாமே என்ற நினைப்பே ஆகாது. 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் அடித்தால் பல பசைகள் தனியாக ஒளிரும். ஒட்டிய பொருள் பழுது பார்த்த பொருள், அவ்வளவுதான்.

அக்டோபர் 9

மூலை ஏன் எழும்புகிறது? கார்டு காகிதம், ஈரம் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். பிளாஸ்டிக் அதோடு சேர்ந்து அசையாது. சூட்டில் ஒட்டிய விளிம்புதான் ஒவ்வொரு முறையும் இழுபடுகிறது. ஐப்பசி அடைமழை பிடிப்பதற்குள் பொம்மையைக் கார்டோடு வைக்க ஓர் அக்ரிலிக் கேஸ் தயாராக வேண்டும்.

அக்டோபர் 10

ஜங்ஷன் பக்கம் போர்டு செய்கிற கடை. "3 எம்எம் போதும்லா அண்ணாச்சி" என்றார். போதாது. அக்ரிலிக்கும் ஈரம் உறிஞ்சும்; ஒரு பக்கம் மட்டும் உறிஞ்சினால் மெல்லிய தகடு வளையும். 4 எம்எம், அதுவும் புற ஊதாவைத் தடுக்கும் ரகம். சாதாரணத் தகடு முழுசாகத் தடுக்காது, பபிள் மஞ்சளடிக்கும். கார்டைச் சுற்றி 2 மி.மீ., பபிளுக்கு முன்னால் 3 மி.மீ. இடைவெளி. இறுக்கிப் பிடித்தால் மூலைக்குத்தான் கேடு.

அக்டோபர் 13

தகடு வந்துவிட்டது. லேசரில் வெட்டிய விளிம்பில் இறுக்கம் தங்கிவிடும். அதில் ஸ்பிரிட் பட்டால் தலைமுடி போல விரிசல் ஓடும். 80 டிகிரி சூட்டில் வைத்து மெல்ல ஆறவிட்டால் இறுக்கம் தளரும். துடைக்கச் சோப்புத்தண்ணீர், மைக்ரோஃபைபர் துணி போதும். கண்ணாடி துடைக்கிற திரவம் கிட்டவே வரக்கூடாது.

அக்டோபர் 14

கேஸை ஒட்டியாச்சு. தகட்டின் மேல் ஒட்டிவரும் காப்புத்தாளை விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உரித்துவிட்டு, குளோரோஃபார்மை ஊசியில் விட்டால் இடுக்கில் தானே ஓடும். உரிக்காமல் விட்டால் தாளுக்கடியில் புகுந்து வெள்ளையாகப் பூத்துவிடும்.

அக்டோபர் 15

வாடை போகவில்லை. பொம்மை உள்ளே போகக்கூடாது.

அக்டோபர் 16

இன்னும் இருக்கிறது. அந்த ஆவி பிளாஸ்டிக்கை இளக்கும். மூடியைத் திறந்து, வெயில் படாமல், காத்தாடிக்கடியில் வைத்திருக்கிறது.

மூலை 4 மி.மீ. தான்.

அக்டோபர் 18

ஈரமானி சொல்வதை அப்படியே நம்பக்கூடாது. பாட்டில் மூடியில் தூத்துக்குடி உப்பு, ஈரமாகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் (கரைந்துவிடக் கூடாது). ஈரமானியோடு ஜிப் கவரில் போட்டு ஓர் இரவு வைத்தால் 75 சதவீதம் காட்ட வேண்டும். 79 காட்டியது. இனி எப்போதும் 4 கழிக்க வேண்டும்.

அக்டோபர் 20

வாடை இல்லை. பொம்மை உள்ளே. 10 கிராம் சிலிக்கா ஜெல் ஒரே ஒரு பை, கார்டைத் தொடாமல் அடியில். நாலைந்து பை திணிப்பது பெரிய தப்பு: அச்சடித்த பக்கம் ஒரு மாதிரி, வெறும் பக்கம் வேறு மாதிரி காய்ந்து கார்டு சுருளும். உள்ளே ஈரம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் நின்றால் நிம்மதி.

இரும்பு பீரோவின் மேல்தட்டு வேண்டவே வேண்டாம், தளத்துச் சூடு நேரே இறங்கும். பொம்மையின் இடுப்பைக் கால்களோடு பிடித்திருப்பது ஒரு ரப்பர் வளையம். பபிளுக்குள்ளேயே அது அறுந்தால் மாற்ற வழியில்லை.

அக்டோபர் 22

மழை. வெளியே 84, உள்ளே 51.

அக்டோபர் 23

வெளியே 88, உள்ளே 52. மூலை 4.

அக்டோபர் 25

உள்ளே 58.

அக்டோபர் 25, இரவு

61. சிலிக்கா நிறம் மாறிவிட்டது. 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் சுட்டால் பழையபடி ஆகும். ஆனால் ஐந்தே நாளில் அது நிரம்பக்கூடாது. எங்கோ காற்று புகுகிறது. டார்ச்சைச் சாய்த்து அடித்தபோது பின்பக்கத்து ஒட்டில், கீழிருந்து இரண்டு விரல்கடை உயரத்தில், நீளமாக ஒரு காற்றுக்குமிழி. ஊசி அங்கே நின்றிருக்கிறது.

அக்டோபர் 26

பொம்மை வெளியே, ஜிப் கவருக்குள். திரும்ப ஒட்ட வேண்டும். திரும்ப வாடை போகவேண்டும்.

மூலை 5.