நாள் குறித்த பிரசவம்: நான்கு ரசீது, ஓர் எமகண்டம்

குழந்தை பிறந்து இன்றோடு பதினாறு நாள். இருமினால் தையல் இழுக்கிறது, தும்மினால் உயிர் போய்த் திரும்புகிறது. ஆனாலும் பதிவு முகப்பில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்மேல் உள்ள கோபம் ஆறுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும். சிங்கப்பூரில் எந்த மருத்துவமனை என்று சொல்லப் போவதில்லை. மருத்துவரும் தாதியரும் தங்கமானவர்கள். முகப்புதான் முகப்பாக இருந்தது.

இவன் இரண்டாவது. மூத்தவள் 38 வாரம் 5 நாளில் வலி எடுத்து, பதினான்கு மணி நேரம் படுத்திவிட்டு, இதயத் துடிப்பு இறங்குகிறது என்று ராத்திரியோடு ராத்திரியாக அறுத்து எடுக்கப்பட்டவள். அதனால் இந்தத் தடவை சிசேரியன் என்று முன்பே முடிவாகிவிட்டது. பொதுவாக 39 வாரம் ஆன பிறகுதான் நாள் குறிப்பார்கள். ஆனால், “உங்களுக்கு வலி முன்னாலேயே வந்த வரலாறு இருக்கிறது, பழைய தழும்பின்மேல் மறுபடி வலி வேண்டாம்” என்று மருத்துவர் 38 வாரம் 3 நாளில் ஒரு செவ்வாய்க்கிழமையைக் கொடுத்தார்.

39 வாரத்துக்கு நான்கு நாள் குறைச்சல். அந்த நான்கு நாள்தான் என் தூக்கத்தைத் தின்றது.

குழந்தை வயிற்றுக்குள் இருக்கும்போது நுரையீரலில் நீர் நிறைந்திருக்கும். வலி எடுக்கும்போது சுரக்கும் சில ஹார்மோன்கள் அந்த நீரை உறிஞ்ச வைக்கும். வலியே இல்லாமல் எடுத்தால் கொஞ்சம் நீர் தங்கிவிடலாம், குழந்தை ஒன்றிரண்டு நாள் வேகவேகமாக மூச்சு விடலாம், பெரும்பாலும் தானே சரியாகிவிடும் என்றார் மருத்துவர். வாரம் ஏற ஏற இந்த ஆபத்து குறையுமாம். நுரையீரலுக்கு ஊசி போடுவார்களாமே என்று கேட்டேன். அதனால் பிறந்த பிறகு குழந்தைக்குச் சர்க்கரை இறங்க வாய்ப்பு உண்டு, உங்களுக்கு வேண்டாம் என்று பொறுமையாக விளக்கினார். “பெரும்பாலும் சரியாகிவிடும்” என்பதில் என் காதில் விழுந்தது ‘பெரும்பாலும்’ மட்டும்தான்.

வீட்டில் யாருக்கும் இந்தக் கவலை இல்லை. அவர்களுடைய கவலை வேறு. என் கணவருக்கு ஊர் மன்னார்குடி. அத்தை வாட்ஸ்அப்பில் வந்து, “செவ்வாய் வெறுவாய்ம்மா, புதனுக்கு மாத்தச் சொல்லேன்” என்றார். மாற்ற முடியாது, அறுவை அறை அன்றைக்குத்தான் கிடைத்தது என்றதும், “சரி, அப்ப காலைல நல்ல நேரத்துல எடுக்கச் சொல்லு” என்று இறங்கி வந்தார். என் அம்மா 1966இல் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் பிறந்தவர். அந்த ஒரு வருஷத்தில் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்ததாக கின்னஸ் கணக்கே உண்டு. “எங்கம்மாவுக்குப் படுக்கை கெடைச்சதே பெருசு, இதுல நேரம் வேறயா” என்றார் அம்மா, போனுக்குக் கேட்காத குரலில்.

இனி முகப்புக் கதை.

வியாழக்கிழமை காலை வரச் சொல்லியிருந்தார்கள். கட்டணம் பற்றிய ஆலோசனை, மயக்க மருந்து மருத்துவர், ரத்தப் பரிசோதனை எல்லாம் ஒரே நாளில் முடியும் என்று தேதி கொடுத்தது அந்தப் பெண்தான். முதல் இரண்டும் முடிந்தன. கடைசியாக ரத்தம் எடுக்கும் அறைக்குப் போனால், அங்கிருந்த அம்மா தாளைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். “ஆபரேஷன் டியூஸ்டேயா?” ஆமாம். “ரத்தம் பொருத்திப் பார்க்கும் சாம்பிள் 72 மணி நேரம்தான் செல்லும். இன்றைக்கு எடுத்தால் வீண்.” முகப்புக்குத் திரும்பி வந்து கேட்டால், “சிஸ்டம் கொடுத்த டேட்” என்று பதில். சிஸ்டத்துக்கு என்ன, அதற்கு வயிறா இருக்கிறது. திங்கட்கிழமை மறுபடி எம்ஆர்டி, மறுபடி பேருந்து, கையில் நான்கு வயசுக்காரி. அவள் வழியெல்லாம் “தம்பி எப்ப வெளிய வருவான்” என்று சத்தமாகக் கேட்டுக்கொண்டே வந்ததில் ரயில் பெட்டிக்கே என் பிரசவ தேதி தெரிந்துவிட்டது.

உங்களுக்கும் தேதி கொடுத்தால், ரத்தப் பரிசோதனைக்கும் அறுவைக்கும் இடையில் எத்தனை நாள் என்று நீங்களே விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். நம்மைத் தவிர வேறு யாரும் எண்ணுவதில்லை.

ரத்தத்தைவிட மோசம் ரசீது. பிரசவத்துக்கு முந்தைய பரிசோதனைச் செலவுக்கு மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து 900 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை எடுக்கலாம். ஆனால் அதைத் தனியாகக் கேட்க முடியாது. எல்லா ரசீதையும் சேர்த்து வைத்து, பிரசவம் பார்க்கும் மருத்துவமனையிடம் கொடுத்தால் அவர்கள் பிரசவக் கணக்கோடு சேர்த்து அனுப்புவார்கள். முதல் சில மாதம் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மருந்தகத்தில், அதாவது கிளினிக்கில், பார்த்தேன். அந்த நான்கு ரசீதையும் பிஸ்கட் டின்னில் பத்திரமாக வைத்திருந்தேன். பெருமையாக நீட்டினேன்.

“நேம் நாட் சேம்.”

பார்த்தால், நான்கிலும் என் அப்பா பெயர்! நம் பெயர்களின் சாபக்கேடு இது. ‘த/பெ’ என்று போட்டு அப்பா பெயர் வருகிறதா, பின்னால் வருவது குடும்பப் பெயர் என்று நினைத்து, பள்ளிக்கூடம் முதல் வேலையிடம் வரை என்னை அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் ஏராளம். அந்த மருந்தகம் ஒரு படி மேலே போய் என் பெயரை மொத்தமாக விழுங்கிவிட்டு அப்பா பெயரை மட்டும் அச்சடித்திருந்தது. அதாவது காகிதப்படி, அறுபத்தைந்து வயசு மனிதர் நான்கு முறை கர்ப்பகால ஸ்கேன் எடுத்துக்கொண்டிருக்கிறார். அடையாள அட்டை எண் என்னுடையதுதானே என்று காட்டினேன். “நேம் நாட் சேம், கேன்னாட்.”

மருந்தகத்துக்குப் போனேன். மணி இரண்டே கால். மாலை ஆறுக்குத்தான் திறப்பார்கள். மறுநாள் இவர் போனார். பில் போடும் பிள்ளை விடுப்பில். மூன்றாவது முறை, “பழைய சிஸ்டம், மின்னஞ்சலில் அனுப்புகிறோம்” என்றார்கள். வரவில்லை. கடைசியில் அம்மா கிளம்பினார். சண்டை எதுவும் போடவில்லை. தண்ணீர்ப் போத்தலையும் படிக்கிற கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு போய், முகப்புக்கு நேர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஒரு மணி நேரம் நாற்பது நிமிஷம். நான்கு புதிய ரசீது, முத்திரையோடு, என் முழுப் பெயரோடு. முதல் ரசீது வாங்கும்போதே பெயரைப் படித்துவிடுங்கள். வீட்டில் ஓர் அம்மா இருந்தால் இன்னும் நல்லது.

அறுவைக்கு முந்தைய நாள் தாலிப் பிரச்சினை. உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. முதல் பிரசவத்தில் அவசரத்தில் தாதி கழற்றி ஓர் உறையில் போட்டுக் கொடுத்தது அம்மாவுக்கு இன்றுவரை நெருடல். இந்தத் தடவை தேக்காவில் மஞ்சள் கயிறு வாங்கி, விரலி மஞ்சள் ஒன்றைக் கோத்து முதல் நாளே கட்டிக்கொண்டேன். தாதி அதன்மேல் ஒரு பிளாஸ்திரி ஒட்டி விட்டுவிட்டார். மருதாணியையும் முன்பே தவிர்த்துவிட்டேன், ஆக்ஸிஜன் பார்க்கும் கருவி விரல்நுனியில்தான் மாட்டுவார்கள்.

செவ்வாய்க்கிழமை. நள்ளிரவிலிருந்து சாப்பாடு இல்லை, காலை ஆறுக்கு மேல் தண்ணீரும் இல்லை. எட்டரைக்கு நான்தான் முதல் ஆள். எட்டு இருபதுக்கு யாரோ ஒருத்திக்கு அவசரம் என்று அறையை எடுத்துக்கொண்டார்கள். நான்கு வருஷத்துக்கு முன்னால் அந்த ஒருத்தி நான்தான் என்பதால் வாயைத் திறக்கவில்லை. பத்தே காலுக்கு உள்ளே கூட்டிப் போனார்கள்.

முதுகுத்தண்டு ஊசிக்கு இறால் மாதிரி சுருள வேண்டும். 38 வார வயிற்றோடு சுருள்வது என்ன அழகோ! ஊசியைவிட அதற்கு முன் தடவும் திரவத்தின் குளிர்தான் தூக்கிப் போட்டது. பிறகு பனிக்கட்டியைக் காலில் வைத்து, வயிற்றில் வைத்து, “குளிர்கிறதா, குளிர்கிறதா” என்று ஏறிக்கொண்டே வந்தார் மயக்க மருந்து மருத்துவர். ஒரு சுற்றில், ஈரம் தெரிகிறது, குளிர் தெரியவில்லை. வலி இருக்காது, ஆனால் யாரோ உள்ளே அலமாரியை ஒதுங்க வைப்பதுபோல் இழுபறி தெரியும். பல் கிட்டிக்கொண்டு நடுக்கம் வரும், பயப்பட வேண்டாம், ஊசிக்குப் பிறகு அது சாதாரணம்.

10.52. அழுதான். ஆனால் மூத்தவள் அழுததுபோல் இல்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் பின்னால் ‘ம்க், ம்க்’ என்று ஒரு முனகல். தாதி அவனை என் கன்னத்தில் ஒரு நொடி வைத்துவிட்டு எடுத்துக்கொண்டார். நிமிஷத்துக்கு அறுபதுக்குள் இருக்க வேண்டிய மூச்சு, எழுபதைத் தாண்டியிருந்தது. அந்த நான்கு நாள்!

மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருந்த அதே சங்கதிதான். அதனால் எனக்குப் புரிந்தது. புரிந்தால் அழுகை வராது என்று யார் சொன்னது? அவனைச் சிறப்புக் கவனிப்புப் பிரிவுக்குக் கொண்டுபோய் மூக்கில் சின்னக் குழாய் வைத்தார்கள். நான் கால் மரத்துப்போய் வேறொரு மாடியில். இவர் இரண்டு மாடிக்கும் ஏறி இறங்கி, கைப்பேசியில் படம் எடுத்து வந்து காட்டிக்கொண்டே இருந்தார். பக்கத்துப் படுக்கையில் குழந்தை அழும்போதெல்லாம் என் மார்பு கனத்தது.

அன்றைக்கு ராத்திரி ஒரு தாதி வந்தார். “உன்னால் அங்கே போக முடியாது, உன் பால் போகலாம்” என்றார். கையாலேயே எப்படிப் பிழிவது என்று காட்டிக்கொடுத்தார். இருபது நிமிஷம் போராடி வந்தது அரை மில்லி. உருக்கிய நெய் மாதிரி மஞ்சளாக, பிசுபிசுப்பாக. ஒரு சொட்டு என் விரலில் ஒட்டியதைக்கூட அவர் விடவில்லை, ஊசிக்குழாயின் நுனியால் உறிஞ்சி எடுத்தார். அதைச் சின்ன உறையில் போட்டு, மேலே என் பெயரை ஒட்டினார். சரியான பெயர்! நாள் குறித்த சிசேரியன் என்றால் கையால் பால் எடுப்பதை முன்பே உங்கள் மருத்துவரிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். மற்ற எதைவிடவும் இதைத்தான் நான் முன்பே தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

மறுநாள் மதியம் மூச்சு ஐம்பதுக்கு இறங்கியது. மாலை நான்கு மணிக்கு ஒரு கண்ணாடித் தொட்டிலைத் தள்ளிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நிறுத்தினார்கள்.

அப்புறம் நடந்ததெல்லாம் சுலபம். பிறப்புப் பதிவை லைஃப்எஸ்ஜி செயலியில் படுக்கையிலிருந்தே செய்தோம், 18 வெள்ளி. ரசீதுகள் போய்ச் சேர்ந்தன. அம்மா மட்டும் தொட்டிலுக்கென்று ஆச்சியின் பழைய சுங்குடிச் சேலையைக் கொண்டுவந்து தாதியிடம் திட்டு வாங்கினார். சேலை முழுக்க அந்துருண்டை வாசம். இங்கே பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் தொப்புள்கொடி ரத்தத்தில் ஜி6பிடி என்ற சிவப்பணு நொதியின் குறைபாடு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் அந்துருண்டை ஆகவே ஆகாது. இவனுக்கு இல்லை. இருந்தாலும் சேலை மூன்று முறை துவைக்கப்பட்டு இன்னும் கொடியில்தான் தொங்குகிறது.

ஊருக்குச் சொல்ல வேண்டிய வேலை ஒன்று பாக்கி இருந்தது. பையன் பிறந்ததைச் சொல்லியாயிற்று, நேரத்தை மட்டும் சொல்லாமல் இரண்டு நாள் ஓட்டினார் இவர். செவ்வாய்க்கிழமை எமகண்டம் ஊர்க் கணக்கில் ஒன்பது முதல் பத்தரை. சிங்கப்பூரில் கடிகாரம் சூரியனுக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. 1982இல் அரை மணி தள்ளி வைத்ததிலிருந்து இங்கே விடிவதே ஏழு மணிக்கு. அப்படியானால் இங்கே எமகண்டம் பத்து முதல் பதினொன்றரை. 10.52 நட்ட நடுவில்.

மூன்றாம் நாள் அத்தையே கேட்டுவிட்டார். இவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நாட்காட்டித் தாள் புரளும் ஓசை மட்டும் கேட்டது.

“பத்து அம்பத்திரண்டுங்கிறது அங்க. நமக்கு எட்டு இருபத்திரண்டு தானேப்பா? ஏழே முக்கால்லேருந்து எட்டே முக்கால் வரைக்கும் நல்ல நேரம்னு போட்டிருக்கு.”

இவர் என்னைப் பார்த்தார். நான் குழந்தையைப் பார்த்தேன். ஜாதகத்தை எந்த ஊர் நேரத்துக்குக் கணிக்கக் கொடுத்திருக்கிறார் என்று இதுவரை நாங்கள் கேட்கவில்லை.